காலத்தில் வரும் கணக்கு

நுழையும்முன்

மழை வருமா என்னும் கேள்விக்கு வானத்தையும் காற்றையும் எறும்புச் சாரையையும் பார்த்து விடை சொன்ன காலம் உண்டு. இன்று அவ்விடையை மீக்கணினிகள் கணக்கிட்டுத் தருகின்றன. கணினி விரைவானது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால், ஒரே கணினியில் ஒரே கணக்கு, ஒருவர் கையில் சில நிமிடங்களிலும் மற்றொருவர் கையில் சில மணி நேரத்திலும் முடிவது எவ்வாறு? அவ்வேறுபாட்டை உண்டாக்கும் நிரல்பெயர்ப்பிகளையும் நிரல் நூலகங்களையும் பற்றி இப்பாடம் பேசுகிறது.

சம்பா முற்றும் காலம்

திருவாரூர் மாவட்டத்தில் தை பிறந்தால் சம்பா நெல் அறுவடைக்கு நிற்கும். வெண்ணாறும் வெட்டாறும் ஓடம்போக்கியும் பாயும் இச்சமவெளி, கடல் மட்டத்தைவிடச் சிறிதளவே உயர்ந்தது. ஆதலால், பெய்த மழை விரைந்து வடியாது. முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்து கிடந்தால் சில நாள்களிலேயே முளைவிடத் தொடங்கும். அறுத்துக் குவித்த நெல்லுக்கும் ஆபத்து உண்டு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அதனை வாங்க விதி இடம் தருவதில்லை. அரசு தனியே தளர்வு அளித்தால்தான் உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. தமிழ்நாடு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் இழப்பீடு அறிவித்தது.

இத்தகைய வாரத்தில் ஓர் உழவர் எடுக்க வேண்டிய முடிவுகள் சிலவே. அறுவடை இயந்திரத்தை இன்றே வாடகைக்கு அழைப்பதா, கதிர் இன்னும் இரண்டு நாள் முற்றட்டும் என்று பொறுப்பதா? களத்தில் கிடக்கும் நெல்லைக் காயவிடுவதா, தார்ப்பாய் போட்டு மூடுவதா? வடிகால் வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரையை இன்றிரவே அகற்ற ஆள் தேடுவதா? ஒவ்வொன்றுக்கும் விடை, அடுத்த இரண்டு நாள் வானிலையைப் பொறுத்தது. நாளைய மழையைப் பற்றிய செய்தி நாளை மறுநாள் வந்தால், அது எவ்வளவு துல்லியமாக இருப்பினும் பயனில்லை. வானிலைக் கணக்கில் சரியான விடை என்பதற்கு உரிய நேரத்தில் வந்த விடை என்னும் பொருளும் உண்டு.

ஆறு வாரம் பிடித்த ஆறு மணி நேரம்

இந்த உண்மையை உணர்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரின்போது பிரான்சில் மருத்துவ ஊர்தி ஓட்டியவாறே, வளிமண்டலத்தின் இயக்கத்தைக் கணிதச் சமன்பாடுகளால் கணிக்க முயன்றவர் அவர். வெறும் ஆறு மணி நேர மாற்றத்தைக் கையால் கணக்கிட அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. கிடைத்த விடையும் பிழையானது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்றது அக்கணக்கு. இயற்கையில் அப்படி நிகழ்வதேயில்லை. அவர் தம் தோல்வியை மறைக்கவில்லை. 1922ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை முழுமையாகப் பதிவு செய்ததோடு, 64,000 மனிதர்கள் ஒரே அரங்கில் அமர்ந்து கணக்கிட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்றும் கனவு கண்டார்.

அவர் கனவு கண்ட அரங்கே இன்றைய மீக்கணினி. புவிப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றைச் சிறு சிறு கால இடைவெளிகளில் கணினி கணக்கிட்டுச் செல்கிறது. கட்டம் பெரிதாயின் கணக்கு எளிது. ஆனால், விடை மங்கலாகும். பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களால் திருவாரூர் மாவட்டத்தை மூடினால் பதினைந்து கட்டங்கள் அளவே தேறும். மன்னார்குடியில் பெய்யும் மழையையும் அடுத்துள்ள ஊரில் அடிக்கும் வெயிலையும் பிரித்துச் சொல்ல அது போதாது. மூன்று கிலோமீட்டர் கட்டமாயின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வர 64 மடங்கு. இந்தியா 2018ஆம் ஆண்டு பிரத்யூஷ், மிகிர் என்னும் மீக்கணினிகளையும், 2024ஆம் ஆண்டு அர்கா, அருணிகா என்னும் மீக்கணினிகளையும் வானிலைக்கெனவே நிறுவியதன் காரணம் இதுவே. அர்காவின் உச்சத்திறன் 11.77 பெட்டாஃபிளாப்ஸ். ஆறு கிலோமீட்டர் கட்டத்தில் இயங்கும் பாரத் முன்கணிப்பு முறை 2025இல் நடைமுறைக்கு வந்தது.

காவிரிக் கரைக்கு அருகிலும் ஒரு மீக்கணினி உண்டு. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அதன் பெயர் பரம் பொருள். சேர்த்துப் படித்தால் வேறொரு பொருள் தரும் இப்பெயர், தமிழ் படித்தவருக்குப் புன்னகையை வரவழைக்கும். தேசிய மீக்கணினி இயக்கத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த இதன் உச்சத்திறன் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள். வானிலை, உயிரித் தகவலியல், வேதியியல், பாய்ம இயக்கவியல் முதலிய துறைகளுக்கான நிரல்கள் இதில் நிறுவப்பட்டுள்ளன.

உச்சத்திறன் என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். அது, இயந்திரம் செய்யக்கூடிய அளவு. ஒரு நிரல் அதனிடமிருந்து உண்மையில் பெறும் அளவு வேறு. வானிலை நிரல்கள் பெரும்பாலும் உச்சத்திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. புதிய இயந்திரம் வாங்கப் பல கோடி வேண்டும். இருக்கும் இயந்திரத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்க வேண்டியது அறிவும் பொறுமையும்தாம். அந்த அறிவின் முதற்படி, நிரல்பெயர்ப்பியைத் தெரிந்துகொள்வது.

மொழிபெயர்ப்பாளரின் கைத்திறன்

அறிவியலாளர் ஃபார்ட்ரான், சி போன்ற மொழிகளில் எழுதும் நிரலைக் கணினியின் செயலி நேரடியாக உணராது. அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. நல்ல மொழிபெயர்ப்பாளரும் சொல்லுக்குச் சொல் மாற்றுபவரும் ஒரே நூலை எடுத்துக்கொண்டாலும் தருபவை இரு வேறு நூல்கள் அல்லவா? இங்கும் அப்படியே.

1954ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான சிறு குழு ஃபார்ட்ரான் பணியைத் தொடங்கியபோது அவர்களை வருத்திய அச்சம் ஒன்றே. அக்காலத்தில் நிரலாளர்கள் இயந்திரக் கட்டளைகளைத் தாமே கையால் எழுதினர். பெயர்ப்பி தரும் கட்டளைகள் அதைவிட மெதுவாக ஓடினால் எவரும் அம்மொழியைத் தொடமாட்டார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனவே, 1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்காக வெளிவந்த முதல் ஃபார்ட்ரான் நிரல்பெயர்ப்பியே, கையால் எழுதியதற்கு நிகரான வேகத்தைக் குறிக்கோளாகக் கொண்டு உருவானது. செம்மையாக்கம் என்பது பின்னாளில் சேர்ந்த அணிகலன் அன்று; பெயர்ப்பியோடு உடன்பிறந்தது. இந்தியாவில் 1963ஆம் ஆண்டு கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கணினி வந்தபின், அங்குப் பாடம் நடத்தியவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன். அவர் எழுதிய ஃபார்ட்ரான் பாடநூலின் வழியே இந்நாட்டின் பல தலைமுறைப் பொறியாளர்கள் நிரல் எழுதக் கற்றனர். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் உலகின் பெரும்பாலான வானிலை நிரல்கள் இன்னும் ஃபார்ட்ரானில்தான் உள்ளன.

பெயர்ப்பி எவ்வளவு முயல வேண்டும் என்பதை நிரலாளர் ஒரு விருப்பின்மூலம் தெரிவிக்கிறார். சுழி நிலையில் அது சொல்லுக்குச் சொல் மாற்றும். பிழை தேடும்போது அது உதவும். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் நிரலை ஆராய்ந்து திருத்தும். எடுத்துக்காட்டாக, ஓர் உழவர் ஒவ்வொரு நாற்று முடியை எடுத்துவைக்கும்போதும் வயலின் நீள அகலத்தை மீண்டும் அளந்தால் எப்படி இருக்கும்? இலட்சம் முறை சுழலும் கணக்கில், மாறாத பெருக்கல் ஒன்றை இலட்சம் முறையும் செய்யும் நிரல் அப்படிப்பட்டது. பெயர்ப்பி அதனைக் கண்டறிந்து, சுழற்சிக்கு வெளியே ஒரே ஒரு முறை செய்து வைத்துக்கொள்ளும்.

இதனினும் பெரிய ஆதாயம் வேறொன்றில் உண்டு. இன்றைய செயலிகள் ஒரே கட்டளையில் பல எண்களைக் கூட்டவல்லவை. ஆள் ஒவ்வொரு நாற்றாக நடுவதற்கும், நடவு இயந்திரம் ஒரே ஓட்டத்தில் எட்டு வரிசை நடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால், எந்தச் செயலியிலும் ஓட வேண்டும் என்னும் எண்ணத்தில், பெயர்ப்பி இயல்பாகப் பழைய செயலிகளும் அறிந்த கட்டளைகளையே பயன்படுத்தும். அவற்றில் ஒருமுறைக்கு இரண்டு எண்கள்தாம். ‘இந்த இயந்திரத்துக்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்து’ என்று சொன்னால்தான், அவ்வசதியுள்ள செயலிகளில் எட்டு எண்களை ஒருசேரக் கையாளும். அதைச் சொல்ல மறந்தவர், கொட்டகையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் நடுகிறார். சொன்னவரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புதிய செயலிக்கெனப் பெயர்த்த நிரல் பழைய செயலியில் ஓடாது நின்றுவிடும்.

எந்த நிரல்பெயர்ப்பி சிறந்தது? ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி., இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லேட்னரும் விக்ரம் அத்வேயும் உருவாக்கிய எல்.எல்.வி.எம். ஆகியன எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியவை. செயலி செய்யும் நிறுவனங்களான இன்டெலும் ஏ.எம்.டி.யும் என்விடியாவும் தத்தம் பெயர்ப்பிகளை வழங்குகின்றன. ஒரு நிரலில் முந்துவது மற்றொரு நிரலில் பிந்தும். தன் நிரலை, தன் இயந்திரத்தில், தன் தரவைக் கொண்டு ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பத்தாயமும் முறமும்

‘அணி’ என்றதும் தமிழ் மாணவருக்கு உவமையும் உருவகமும் நினைவுக்கு வரும். கணித வகுப்பிலோ அது எண்களைக் கிடைவரிசையாகவும் செங்குத்து வரிசையாகவும் அடுக்கிய கட்டம். அறிவியல் கணிப்பில் பெரும்பகுதி இவ்வணிகளைப் பெருக்குவதிலும் தீர்ப்பதிலும் கழிகிறது. ஆயிரம் வரிசையும் ஆயிரம் நிரலும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்க ஏறத்தாழ 200 கோடிக் கணக்குகள் வேண்டும். ஆனால், அவற்றில் உள்ள எண்கள் 20 இலட்சமே. அதாவது, ஒவ்வோர் எண்ணும் ஆயிரம் முறை பயன்படுகிறது.

இதன் உட்பொருளை விளக்கத் தஞ்சைப் பகுதி வீடுகளின் பத்தாயத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆண்டு முழுமைக்குமான நெல் பத்தாயத்தில் இருக்கும். அன்றாடத் தேவைக்கு மரக்காலில் அளந்து வெளியே எடுப்பர். அதிலிருந்து சிறிது முறத்துக்கு வரும். முறத்திலிருந்து கைக்கு வரும். கை விரைவானது, ஆனால், கொள்ளளவு சிறிது. பத்தாயம் பெரிது, ஆனால், ஏறி இறங்கி எடுக்க நேரம் பிடிக்கும். கணினியிலும் இவ்வடுக்கு உண்டு. செயலியின் உள்ளே பதிவகங்கள். அவற்றையடுத்துச் சிறிய விரைவு நினைவகங்கள். வெளியே பெரிய முதன்மை நினைவகம். முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்துசேரும் நேரத்தில் செயலி நூற்றுக்கணக்கான கணக்குகளை முடித்துவிடும். வேகம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு அன்று, காத்திருப்பு.

ஒவ்வொரு நெல்மணிக்கும் பத்தாயத்துக்கு ஏறி இறங்குபவரைப் போன்றது, பள்ளிக்கணிதத்தில் கற்றவாறே எழுதப்பட்ட எளிய பெருக்கல் நிரல். அணியைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியை முறத்துக்குக் கொண்டுவந்ததும் அதைக் கொண்டு செய்யவேண்டிய பெருக்கல்கள் அனைத்தையும் முடித்துவிட்டு அடுத்த பாத்திக்குச் செல்வது செம்மையான முறை. விடை ஒன்றே, நடை மட்டும் குறைகிறது. வரிசை மாறினாலும் இழப்புதான். ஃபார்ட்ரான் மொழி அணியைச் செங்குத்து வரிசையாகவும், சி மொழி கிடைவரிசையாகவும் நினைவகத்தில் அடுக்குகின்றன. சி மொழியில் பழகிய ஒருவர் அதே நினைப்பில் ஃபார்ட்ரான் நிரல் எழுதினால், அடுத்தடுத்து இருக்கும் எண்களை விட்டு விட்டுத் தாவி எடுப்பார். விடை சரியாகவே வருவதால் தவறு நெடுநாள் கண்ணில் படாமலே இருக்கும்.

தெரிந்து தெளிவோம்
கணிதத்தில் ‘நிரை’ கிடைவரிசையையும் ‘நிரல்’ செங்குத்து வரிசையையும் குறிக்கும். கணினி அறிவியலில் ‘நிரல்’ என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு. இலக்கணத்திலோ, சொற்களை வரிசைப்பட நிறுத்தி அவ்வரிசையிலேயே பொருள்கொள்வது ‘நிரல்நிறை’. மூன்றுக்கும் அடிப்படை, ஒழுங்குபட அடுக்குதல்.

பெயர் ஒன்று, கைவண்ணம் பல

இத்தகைய நுட்பங்களை ஒவ்வோர் அறிவியலாளரும் தாமே செய்யத் தேவையில்லை. அணிக்கணக்குகளுக்கான அடிப்படைச் செயல்கள் இன்ன பெயரில், இன்ன முறையில் அழைக்கப்படும் என்னும் உடன்பாடு 1979ஆம் ஆண்டு பிளாஸ் என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. அணியோடு அணியைப் பெருக்கும் செயல்கள் 1990இல் அதில் இணைந்தன. அவற்றின்மீது கட்டப்பட்ட லாபேக் நூலகம் 1992இல் வந்தது. இப்பணிகளில் முன்நின்ற ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.

உடன்பாடு பெயருக்கும் முறைக்கும்தான். உள்ளே எப்படிச் செய்வது என்பது செய்பவர் விருப்பம். மேற்கோளாக வழங்கப்படும் மூல பிளாஸ், விடை சரியாக இருப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டது, வேகத்துக்கு அன்று. அதனை நீக்கி, அதே பெயர்களைக் கொண்ட ஓபன்பிளாஸ் அல்லது இன்டெல் நிறுவனத்தின் எம்.கே.எல். நூலகத்தை இணைத்தால், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே பெரிய அணிப்பெருக்கல் பல மடங்கு விரைவாகும். பாத்தி பிரித்தல், எட்டு எட்டாகக் கையாளுதல், செயலியின் பல உள்ளகங்களுக்கும் வேலையைப் பகிர்தல் ஆகிய மூன்றும் சேரும்போது, வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டுவதும் உண்டு.

ஓபன்பிளாஸின் முன்னோடியை எழுதியவர் கசுஷிகே கோட்டோ என்னும் சப்பானியர். தம் நாட்டின் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இப்பணியைத் தொடர்ந்தார். பிறர் விரைவு நினைவகத்தின் அளவை மட்டும் கருத்திற்கொண்டிருக்க, அவர் மற்றொன்றையும் கவனித்தார். ஓர் எண் நினைவகத்தின் எப்பக்கத்தில் உள்ளது என்று தேடும் முகவரி ஏட்டைப் புரட்டுவதிலேயே நேரம் வீணாகிறது என்பதுதான் அது. ஒவ்வொரு செயலிக்கும் அவர் கட்டளைகளைக் கையாலேயே எழுதினார். பேக்கஸ் காலத்தில் கையெழுத்தை வெல்லவே பெயர்ப்பி பிறந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதரின் கையெழுத்து பெயர்ப்பிகளை வென்றது!

அதற்கு மறுமொழி போல அமைந்தது மற்றொரு முயற்சி. சுழற்சிகளைக் கணித வடிவங்களாக மாற்றி, பாத்தி பிரிக்கும் வேலையைப் பெயர்ப்பியே தானாகச் செய்யும் ப்ளூட்டோ என்னும் கருவியை விளக்கும் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதனைப் படைத்த நால்வருள் பி. சதயப்பன், ஜெ. இராமானுஜம், உதய் பொந்துகுலா ஆகிய மூவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள். தமிழ்நாட்டில் இத்துறை பேசப்படத் தொடங்கியது அதற்கும் முன்பே. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், அணுக்கருவின் உட்கூறுகளைப் பற்றிய கோட்பாட்டுக் கணக்குகளுக்காக 144 கணினிகளை இணைத்து உருவாக்கிய கப்ரு, 2004ஆம் ஆண்டு உலகின் 500 மீக்கணினிகள் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலுக்கான தேர்வே ஒரு மாபெரும் அணிச்சமன்பாட்டைத் தீர்ப்பதுதான். அதில் பெறும் மதிப்பெண் பெரிதும் அணிப்பெருக்கல் நூலகத்தைப் பொறுத்தது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைக்கக் கூடாது. வானிலை நிரலுக்கு இந்நூலகங்களால் பெரும்பயன் இல்லை. அங்கே அணிப்பெருக்கல் குறைவு. கட்டத்துக்குக் கட்டம் அடுத்துள்ள சில எண்களை எடுத்து, சிறு கணக்குச் செய்து, திரும்ப வைக்கும் வேலையே மிகுதி. ஓர் எண் ஆயிரம் முறை பயன்படுவதில்லை. சில முறையே பயன்படுகிறது. ஆகவே, அங்கு வேகத்தை முடிவு செய்வன பெயர்ப்பியும் நினைவகமும்தாம். மூலக்கூறுகளை ஆராயும் வேதியியல் நிரலிலோ, செயற்கை நுண்ணறிவிலோ நிலைமை தலைகீழ். அங்கு நூலகமே எல்லாம். எந்தக் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முன், நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்தறிய வேண்டும். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பவரை எவரும் மருத்துவர் என்பதில்லை.

ஆழித்தேரும் முட்டுக்கட்டையும்

இன்னும் கணினிகளைச் சேர்த்தால் விரைவு கூடாதா என்று கேட்கலாம். கூடும், ஓர் எல்லை வரை. திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடிக்கின்றனர். நேர்வீதியில் ஆள் கூடக் கூடத் தேர் எளிதாக நகரும். வீதி திரும்பும் முனையிலோ நிலைமை வேறு. அங்கே முட்டுக்கட்டை போடும் சிலருடைய கையில்தான் தேர் இருக்கிறது. வடம் பிடிப்போரை இரட்டிப்பாக்கினாலும் திருப்பம் விரைவதில்லை. ஜீன் அம்டால் என்னும் கணினி வடிவமைப்பாளர் 1967இல் கூறியது இதனையே. ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு பகிர முடியாத வேலையாக இருந்தால், எத்தனை ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் அந்நிரல் பத்து மடங்குக்கு மேல் விரைவு பெறாது. அந்தப் பத்தில் ஒரு பங்கைச் சுருக்குவது முட்டுக்கட்டை போடுபவரின் திறம். இங்கு நிரல்பெயர்ப்பியின் திறம்.

கடைசி இலக்கத்தின் கதை

விரைவைத் தேடுவோர் தவறும் இடம் ஒன்று உண்டு. கணினி எண்களை முழுமையாக வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட இலக்கங்களுக்குமேல் முழுமையாக்கிவிடுகிறது. நான்கு இலக்கம் மட்டுமே கொள்ளும் ஒரு கணினியைக் கற்பனை செய்வோம். 5000 உடன் 0.4ஐக் கூட்டினால் 5000.4, நான்கு இலக்கத்தில் அது 5000. மீண்டும் 0.4ஐக் கூட்டினாலும் 5000தான். மாறாக, முதலில் 0.4ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.8; அதனை 5000 உடன் சேர்த்தால் 5000.8, முழுமையாக்கினால் 5001. கூட்டும் வரிசை மாறியதும் விடை மாறிவிட்டது. எட்டு எண்களை ஒருசேரக் கூட்டும் பெயர்ப்பி இவ்வரிசையைத்தான் மாற்றுகிறது. ஃபாஸ்ட்-மேத் என்னும் விருப்பைக் கொடுத்தால், கணிதத்தில் சமமான எதையும் கணினியிலும் சமம் எனக் கருதிக்கொண்டு அது தாராளமாக மாற்றியமைக்கும்.

கடைசி இலக்கத்தில் என்ன வந்துவிடப்போகிறது? 1961ஆம் ஆண்டு அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லாரன்ஸ், தாம் முன்பு ஓட்டிய கணக்கொன்றை நடுவிலிருந்து மீண்டும் தொடங்கினார். கணினியில் இருந்த எண் 0.506127, அவர் தட்டச்சு செய்தது, அச்சிட்ட தாளில் இருந்த 0.506. சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தபோது, புதிய வானிலை பழையதிலிருந்து முற்றிலும் விலகியிருந்தது. தொடக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கான வேறுபாடு இறுதியில் புயலா, வெயிலா என்னும் வேறுபாடாக வளர்ந்தது.

எனவே, புதிய பெயர்ப்பியையோ நூலகத்தையோ ஏற்கும் முன் இரண்டு சோதனைகள் நடக்க வேண்டும். ஒன்று, கடிகாரம், மற்றொன்று, பழைய விடையோடு ஒப்பீடு. செம்மையாக்காத மெதுவான நிரலின் விடையை உரைகல்லாக வைத்து, விரைவான நிரலின் விடையை அதனோடு உரசிப் பார்ப்பர். வேறுபாடு முழுமையாக்கலால் வரும் அளவுக்குள் இருப்பின் ஏற்பர். அதனை மீறினால், எத்தனை மடங்கு விரைவாயினும் அவ்விருப்பைக் கைவிடுவர். கடிகாரத்தை மட்டும் பார்த்து மகிழ்வோர் இத்துறையில் குறைவல்லர். அவர்களுடைய எண்களை நம்பித் தார்ப்பாயை மடித்து வைத்தவருக்குத்தான் இழப்பு.

மாலை ஐந்தரை முதல்

உலகெங்கும் வானிலை நிலையங்கள் ஒரே நேரத்தில் வளிமண்டலத்தை அளக்கின்றன. இந்திய நேரப்படி அது காலை 5.30, மாலை 5.30. திருவாரூரை அடுத்த காரைக்காலிலிருந்தும் பலூன் மேலெழுந்து வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அனுப்புகிறது. அவ்வளவீடுகள் வந்துசேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, இரவு 9 மணிக்குக் கணக்குத் தொடங்குகிறது எனக் கொள்வோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த நிரல் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டால், விடை காலை 7 மணிக்கு வரும். அறுவடை இயந்திரம் அதற்குள் வயலில் இறங்கியிருக்கும்; இறங்காவிடில் வேறோர் ஊருக்குப் போயிருக்கும். அதே இயந்திரத்தில், தக்க விருப்புகளோடு பெயர்த்த நிரல் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால், விடை இரவு 11.30 மணிக்கே அணியமாகிவிடும். விடியற்காலை 4 மணிக்குக் களத்துமேட்டில் கைப்பேசியைத் திறப்பவருக்கு அன்றைய மழை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது தெரியும். நெல்லை மூட, முழுதாக மூன்று மணி நேரம் கையில் இருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில், 500 வரிசையும் 500 நிரலும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்கும் பைத்தான் நிரலை மூன்று சுழற்சிகளைக் கொண்டு எழுதுக. அதே பெருக்கலை நம்பை நூலகத்தைக் கொண்டு செய்து, இரண்டுக்கும் ஆன நேரத்தையும் கிடைத்த விடைகளின் வேறுபாட்டையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் வானிலை அறிவிப்பைப் பார்த்து எடுக்கப்படும் தொழில்முடிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அறிவிப்பு எவ்வளவு முன்னதாக வந்தால் அது பயன்படும் என்பதை உரியவரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. பத்தாயம், குதிர், மரக்கால், முறம் போன்ற நெல் சார்ந்த புழங்குபொருள்களின் பெயர்களை உங்கள் பகுதி முதியோரிடமிருந்து திரட்டி, கணினியின் நினைவக அடுக்கை விளக்க அவற்றுள் எவை பொருந்தும் என வகுப்பறையில் கலந்துரையாடுக.